செவிக்கு ஒரு நூலகம்

நுழையும்முன்

எழுதப் பழகுவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதன் கேட்கப் பழகினான். தாலாட்டும் விடுகதையும் பாட்டி சொன்ன கதையும் செவிவழியே தலைமுறைகளைக் கடந்து வந்தவை. அச்சு வந்தபின் கண்ணுக்கு முதலிடம் கிடைத்தது; திரை வந்தபின் காட்சி மேலோங்கியது. இன்று திறன்பேசியின் வழியே குரல் மீண்டும் கல்விக்குத் துணையாகி வருகிறது. வலையொலி என்னும் அவ்வடிவம் தோன்றிய வரலாற்றையும், அது இயங்கும் முறையையும், புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் அறிய வேண்டியனவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

கேள்வி என்னும் கல்வி

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. அதன்பின்னரே அறிவுடைமை வருகிறது. இங்குக் கேள்வி என்பது வினா அன்று. அறிந்தோர் சொல்வதைக் கேட்டல். நூல்களைக் கற்கும் வாய்ப்பில்லாதவரும் கேட்டறியலாம் என்பதால், கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே வள்ளுவர் அதற்கு ஓர் இடம் தந்தார் எனக் கொள்ளலாம்.

நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் சொல்லும் முறையை மட்டும் கூறி அமையவில்லை. பாடம் கேட்கும் முறையையும் இலக்கணமாக வகுக்கிறது. ஒரு நூலை இருமுறை கேட்பவர் அதில் பெரிதும் பிழைபடார் என்றும், மும்முறை கேட்பவர் அதனை முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவராவார் என்றும் பவணந்தி முனிவர் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் இது எளிதான செயலன்று. ஆசிரியர் ஒருமுறை சொன்ன சொல் காற்றோடு போயிற்று. அவரிடம் மும்முறை கேட்கும் பேறு உடனுறைந்து பயின்ற மாணாக்கர் சிலருக்கே வாய்த்தது.

வானொலி அச்சிலரின் எண்ணிக்கையைப் பல இலட்சமாக்கியது. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் நெருக்கடியால் 1927-இல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. குரலுக்கு உள்ள ஆற்றலை அறிய ஒரு நெற்பயிரின் கதை போதும். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் உழவர்களுக்குத் தொடர்ந்து எடுத்துரைத்தது. தஞ்சை வட்டாரத்தில் அந்நெல் வேகமாகப் பரவிற்று. அதனைப் பயிரிட்டவர்கள் ஆய்வகம் வைத்த எண்ணைக் காட்டிலும் தாம் வைத்த பெயராலேயே அதை அழைத்தனர்: ‘ரேடியோ நெல்’.

எனினும் வானொலிக்கு ஒரு குறை இருந்தது. நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நேரத்தில் வயலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவருக்கு அன்றைய நிகழ்ச்சி இல்லை. இரண்டாம் முறை கேட்பதற்கும் வழியில்லை. நன்னூல் விரும்பிய மும்முறைக் கேள்வி வானொலியாலும் கைகூடவில்லை.

பெயரும் பிறப்பும்

அக்குறையைத் தீர்த்த நுட்பம் ஒருவரால் ஒரே நாளில் உருவாக்கப்பட்டதன்று. இணையத்தில் புதிதாக வெளியாகும் எழுத்துகளைப் படிப்பவருக்குத் தானாகவே தெரிவிக்கும் ‘செய்தியோடை’ என்னும் முறை 1990-களின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. அமெரிக்க மென்பொருள் வல்லுநர் டேவ் வைனர், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வோடையில் ஒலிக்கோப்பு ஒன்றையும் இணைத்து அனுப்ப வழி செய்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் கையடக்க இசைக்கருவியை வெளியிட்டது. 2003-இல் இதழாளர் கிறிஸ்டோபர் லைடன் எடுத்த நேர்காணல்கள் இவ்வகை ஓடைவழியே வெளிவந்தன. ஓடையில் வரும் ஒலிக்கோப்பைத் தானே இறக்கி இசைக்கருவியில் சேர்க்கும் மென்பொருளை 2004-இல் ஆடம் கரி பரப்பினார்.

பொருள் பிறந்தபின்னும் பெயர் பிறக்கவில்லை. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் எழுதிய பென் ஹாமர்ஸ்லி, இப்புதிய வடிவத்தை எப்பெயரால் அழைப்பது என வினவி, போகிறபோக்கில் சில பெயர்களை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று ‘பாட்காஸ்டிங்’. ஐபாட் என்பதன் பிற்பகுதியும், ஒலிபரப்பைக் குறிக்கும் ‘பிராட்காஸ்ட்’ என்பதன் பிற்பகுதியும் ஒட்டிய சொல் அது. மறு ஆண்டே நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதனை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 2022-இல் ஐபாட் உற்பத்தியை ஆப்பிள் நிறுத்திவிட்டது. கருவி மறைந்தும் அதன் பெயர் சொல்லுக்குள் வாழ்கிறது.

தமிழில் இது ‘வலையொலி’ எனப்படுகிறது. வலை, ஒலி என்னும் இரண்டும் யகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்த இச்சொல், எந்த நிறுவனத்தின் பெயரையும் சுமக்கவில்லை. பொருளை நேரே சுட்டுகிறது. பேச்சு வழக்கில் பாட்காஸ்ட் என்பதே மிகுதி. தேடும்போது இரண்டும் பயன்படும்.

ஓடை இயங்கும் முறை

வலையொலியை உருவாக்குபவர் தம் குரலைப் பதிவு செய்து இணையக் கணினி ஒன்றில் சேமிக்கிறார். அதனுடன் எழுத்தாலான ஒரு பட்டியலும் இருக்கும். ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, வெளியான நாள், சுருக்கம், ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி ஆகியன அதில் இடம்பெறும். அப்பட்டியலே ஓடை. கேட்பவரின் செயலி அவ்வப்போது அதனைப் படித்து, புதிய பகுதி சேர்ந்திருந்தால் அறிவிக்கிறது. நாளிதழுக்குச் சொல்லி வைத்தால் அது விடியலில் வாசலுக்கு வந்து சேர்வது போன்றதே இதுவும். ஆனால் பெரும்பாலான வலையொலிகளுக்குப் பணம் தரவேண்டியதில்லை. சந்தா செய்தல் என்னும் பொருள் தரும் சொல்லைக் கண்டு கட்டணம் உண்டோ எனத் தயங்கியோர் பலர். அதனால் இப்போது பல செயலிகளில் ‘பின்தொடர்க’ என்னும் சொல் வழங்குகிறது.

இம்முறையின் சிறப்பு அதன் திறந்த தன்மை. ஓடையின் முகவரி தெரிந்தால் எந்தச் செயலியாலும் அதனைப் படிக்கவியலும். யாரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை. இத்தன்மை என்றென்றும் தானே நிலைத்திருக்கும் எனக் கருத இயலாது. 2020-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம், ஜோ ரோகன் நடத்தும் புகழ்பெற்ற அமெரிக்க நிகழ்ச்சியைத் தன் செயலியில் மட்டுமே கேட்கும்படி உரிமை பெற்றது. 2024-இல் அது மீண்டும் பிற தளங்களுக்கும் வந்தது. ஒரு நிகழ்ச்சி ஒரே செயலிக்குள் அடைபடும்போது, அந்நிறுவனத்தின் விதிகளே கேட்பவருக்கும் விதிகளாகிவிடுகின்றன.

தரவுச் செலவு குறித்தும் அறிந்திருத்தல் நன்று. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவான அரைமணி நேரப் பேச்சு ஏறத்தாழ 14 மெகாபைட் இடம்கொள்ளும். 128 கிலோபிட் எனில் 29 மெகாபைட். அதே நேர அளவுள்ள காணொலிக்கு இதனைப் போலப் பன்மடங்கு வேண்டும். அருகலை உள்ள இடத்தில் இரண்டு மூன்று பகுதிகளைத் தரவிறக்கிக்கொண்டால், அலைவரிசை எட்டாத ஊர்களிலும் பேருந்துப் பயணத்திலும் செலவின்றிக் கேட்கலாம். பள்ளிக்கு நாள்தோறும் ஒருமணி நேரம் பயணம் செய்யும் மாணவருக்கு, ஓராண்டின் 200 பள்ளி நாள்களில் இது 200 மணி நேரம்.

தொடங்குவோருக்கு

செயலியைத் திறந்தவுடன் முகப்பில் தெரிவன பலரும் கேட்பவை. அவை பயனுள்ளவையாகவும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே செயலி காட்டுவதைக் கேட்பதைவிட, தமக்கு வேண்டியதைத் தேடிச் செல்வதே தக்கது. விண்வெளி, மட்பாண்டம், கூடைப்பந்து, சோழர் செப்பேடு என எப்பொருளாயினும் ஏற்கெனவே ஆர்வமுள்ள ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஓர் எழுத்தாளரின் நூலை விரும்பிப் படித்தவர் அவருடைய பெயரையிட்டுத் தேடினால், அவர் நேர்காணல் அளித்த நிகழ்ச்சி கிடைக்கக்கூடும். அங்கிருந்து வேறொன்றுக்கு வழி பிறக்கும். தமிழ் நிகழ்ச்சிகளுள் பல தம் பெயரை ஆங்கில எழுத்துகளில் வைத்துள்ளன. ஆதலால் தமிழ் எழுத்தில் தேடிக் கிடைக்காதபோது ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தேடுதல் வேண்டும்.

முதற்பகுதி சுருக்கமானதாக இருத்தல் நலம். ஆங்கிலம் பயில்வோருக்கென பிபிசி நிறுவனம் வழங்கும் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ ஆறே நிமிடத்தில் ஒரு பொருளைப் பேசி முடிக்கிறது. ஆறு சொற்களையும் கற்பிக்கிறது. அடுத்த படியாக, 1998-இல் மெல்வின் பிராக் தொடங்கிய ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை நாடலாம். ஒரே பொருளை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மூன்று அறிஞர்கள் பேசுவது அதன் முறை. வரலாறு, அறிவியல், மெய்யியல், இலக்கியம் எனப் பல துறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் அதில் உள்ளன. இந்தியாவில் அமித் வர்மா 2017-இல் தொடங்கிய ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ நிகழ்ச்சியின் உரையாடல்கள் பல மணி நேரம் நீள்பவை. பழகிய காதுக்கு அது விருந்து. தொடக்கத்திலேயே அதனை எடுப்பவர் களைத்துப்போவார்.

வலையொலிகளை இருவகையாகப் பிரித்தறியலாம். ஒன்று, ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்பது; எங்கிருந்தும் தொடங்கலாம். மற்றொன்று, தொடர்கதை போன்றது. முதற்பகுதியிலிருந்தே கேட்டல் வேண்டும். இரண்டாம் வகைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது, 2014-இல் சாரா கோனிக் வழங்கிய ‘சீரியல்’. 1999-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நிகழ்ந்த ஒரு மாணவியின் கொலை வழக்கை அது வாரந்தோறும் ஆராய்ந்தது. வலையொலிகளுள் முதன்முதலாகப் பீபாடி விருது பெற்றதும் அதுவே. அதேவேளை, ஒரு குடும்பத்தின் துயரம் பிறருக்கு வாராந்தரச் சுவையாக மாறலாமா என்னும் வினாவும் அப்போது எழுந்தது. அவ்வினா இன்றும் தீரவில்லை. குற்றக் கதைகளை விரும்பிக் கேட்போர் அதனை மனத்தில் கொள்ளுதல் தகும்.

கேட்டலும் உட்கொள்ளலும்

பாத்திரம் துலக்கும்போதும் நடைப்பயிற்சியின்போதும் கேட்பதற்கு வலையொலி ஏற்றது. ஆனால் அவ்வாறு கேட்பதும் கற்பதற்காகக் கேட்பதும் வேறுவேறு. கதையும் உரையாடலும் வேலையோடு இயைந்து செல்லும். ஒளிச்சேர்க்கை பற்றிய விளக்கம் அவ்வாறு செல்லாது. பாடத்தொடர்புடைய பகுதியை ஓரிடத்தில் அமர்ந்து, குறிப்பேட்டுடன் கேட்க வேண்டும். முக்கியமான கருத்து வரும்போது அதன் நிமிடத்தைக் குறித்துக்கொண்டால், பின்னர் அவ்விடத்திற்கே திரும்பலாம். முதல்முறை முழுவதும் கேட்டபின், விளங்காத பகுதியை இரண்டாம் முறை கேட்கலாம். பின்பு பதிவை நிறுத்திவிட்டு அதனை நண்பர் ஒருவருக்குத் தம் சொற்களில் சொல்லிப் பார்க்கலாம். எங்கே தடுமாற்றம் வருகிறதோ அங்கேயே மூன்றாம் கேள்வி தேவைப்படுகிறது. ஆசிரியரோடு உடனுறைந்தோர்க்கே கிட்டிய மும்முறைக் கேள்வி இன்று ஒரு பொத்தானில் அடங்கியுள்ளது.

வேகத்தைக் கூட்டும் வசதி எல்லாச் செயலிகளிலும் உண்டு. ஒன்றேகால் மடங்கு வேகம் பலருக்கு இடையூறு தருவதில்லை. இரட்டிப்பு வேகத்தில் கேட்டு, கேட்ட பகுதிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவோரும் உளர். பேசுபவர் ஒரு சொல்லுக்குமுன் தயங்குவதிலும் சற்று நிறுத்துவதிலும் பொருள் உண்டு. வேகம் கூடும்போது முதலில் அழிவது அதுவே.

பார்வைக் குறைபாடுடைய மாணவருக்கு வலையொலி கூடுதல் வசதி அன்று, நேரான வழி. செவித்திறன் குறைந்தோருக்கோ எழுத்துவடிவம் இன்றேல் அது மூடிய கதவே. தரமான நிகழ்ச்சிகள் தம் பேச்சின் எழுத்துவடிவத்தையும் உடன் வெளியிடுகின்றன.

தெரிந்து தெளிவோம்

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். சிறார்க்கு இவ்வளவு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். கருவியின் உச்ச ஒலியில் 60 விழுக்காட்டிற்குள் வைத்துக் கேட்பது பாதுகாப்பானது. பேருந்தின் இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவதே பெரும்பாலும் தீங்கிற்குத் தொடக்கம். மிதிவண்டி ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இயர்போனைக் கழற்றிவிட வேண்டும்.

குரலை நம்புதல்

அச்சு நூலுக்குப் பதிப்பாசிரியர் உண்டு. வானொலி நிலையத்திற்குப் பொறுப்பாளர் உண்டு. வலையொலியை யாரும் தொடங்கலாம். எளிய மனிதரின் குரல் உலகெங்கும் எட்டுவதற்குக் காரணமான இந்தக் கட்டின்மையே, பொய்யும் அதே எளிமையுடன் எட்டுவதற்கும் காரணமாகிறது. மேலும், காதுக்குள் நாள்தோறும் ஒலிக்கும் குரல் நாளடைவில் நண்பரின் குரலாகிவிடுகிறது. எழுத்தில் படித்தால் ஐயுறும் ஒரு செய்தியை, பழகிய குரல் சொல்லும்போது மனம் எளிதில் ஏற்கிறது. பல நிகழ்ச்சிகளில் தொகுப்பாளரே விளம்பரத்தையும் அதே குரலில், அதே நட்புடன் சொல்வது இதனை அறிந்துதான். ‘நான் நாள்தோறும் இதையே பயன்படுத்துகிறேன்’ என்னும் தொடர் அனுபவமா, கட்டணம் பெற்றுச் சொல்வதா எனக் கேட்பவர் பிரித்தறிய வேண்டும். மருந்து, உணவு, முதலீடு பற்றிய பேச்சில் இது இன்னும் இன்றியமையாதது. மனிதக் குரலைப் போலவே பேசும் செயற்கைக் குரல்களும் இன்று வலையொலிகளில் ஒலிக்கின்றன.

பொய்யைக் காட்டிலும் கண்டறிய அரியது அரை உண்மை. சென்னையில் வானொலி 1938-இல் தோன்றியது என ஒருவர் வலையொலியில் கூறுவதாகக் கொள்வோம். ஆண்டு தவறன்று, அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது அவ்வாண்டே. ஆயினும் இப்பாடத்தின் முற்பகுதியைப் படித்த மாணவர், 1924-இன் வானொலிக் கழகமும் 1930-இன் மாநகராட்சி ஒலிபரப்பும் அக்கூற்றில் மறைந்துபோயின என்பதை உடனே காண்பார். சொல்பவர் யார், எப்போது சொன்னார், எதைச் சான்றாகக் காட்டினார் என்பனவற்றோடு, எதைச் சொல்லாமல் விட்டார் என்றும் நோக்குதல் தேவை. அதற்கு வேறொரு மூலத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே வலையொலி நூலகத்திற்கு மாற்றாக இயலாது.

தமிழ்க் குரல்கள்

எழுத்துத் தமிழ் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பேச்சுத் தமிழ் நாஞ்சில் நாட்டில் ஒன்று, கொங்கில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று. அச்சு நூலில் வட்டார வழக்கின் சொற்களைப் பதிக்க முடியும். அதன் இழுவையையும் ஏற்ற இறக்கத்தையும் பதிக்க இயலாது. வலையொலியில் அவை அப்படியே நிற்கின்றன. பிபிசியின் தமிழோசை 1941 முதல் 2017 வரை வானொலியில் ஒலித்தது. அந்நெடுங்காலத்தில் காற்றில் கலந்து மீளாது போன குரல்கள் எத்தனையோ. இன்று பதிவாகும் குரல் கோப்பாக நிற்பதால், நாளை வரும் மொழியாய்வாளருக்கும் அது கிடைக்கக்கூடும்.

நூல்களை உரக்கப் படித்து வெளியிடுவோர் தமிழில் பலர். பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் முதலியோரின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எவரும் தடையின்றிப் படித்துப் பதியலாம். பிற எழுத்தாளர்களின் நூல்களுக்கு அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள்வரை இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை உண்டு. உரிமை பெறாமல் ஒரு நாவலை முழுவதும் படித்து வெளியிடுவது, நல்லெண்ணத்தோடு செய்யினும் எழுத்தாளரின் உழைப்பை எடுத்துக்கொள்வதே ஆகும்.

கேட்டுப் பழகியவர் பேசவும் விழைவர். அதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. திறன்பேசியின் ஒலிவாங்கியும், மின்விசிறி நிறுத்தப்பட்ட சிறு அறையும் போதும். எதிரொலி மிகுந்தால் சுவரோரம் போர்வைகளைத் தொங்கவிடலாம். கடினமானது எழுதுவதே. படிப்பவர் கண்ணை மேலே உயர்த்தி முந்தைய வரியைப் பார்ப்பார். கேட்பவருக்கு அவ்வசதி எளிதில் இல்லை. எனவே செவிக்கு எழுதும்போது வாக்கியம் குறுக வேண்டும். ‘அவர்’, ‘அது’ எனச் சுட்டுவதற்குப் பதிலாகப் பெயரையே மீண்டும் சொல்ல வேண்டும். ‘37.8 விழுக்காடு’ என்பதைக் காட்டிலும் ‘நூறு பேரில் ஏறத்தாழ முப்பத்தெட்டுப் பேர்’ என்பது காதில் நிற்கும். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்தால், மூச்சு முட்டும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம் எனத் தெரிந்துவிடும்.

ஊரில் எழுபது, எண்பது அகவை கடந்தோர் அறிந்த நடவுப்பாட்டும் ஒப்பாரியும் குளத்தின் பெயர்க் காரணமும் எந்த நூலிலும் ஏறாதிருக்கலாம். அவர்களுடைய இசைவைப் பெற்று, பதிவு எங்கெங்குக் கேட்கப்படும் என்பதையும் விளங்கச் சொல்லி, ஒரு மாணவர் எடுக்கும் பத்து நிமிடப் பதிவு அவ்வூரின் முதல் ஆவணமாகவும் அமையலாம்.

கற்பவை கற்றபின்

1. விரும்பிய பொருள் ஒன்றைப் பற்றிய வலையொலிப் பகுதியைக் கேட்டு, அதில் சொல்லப்பட்ட ஒரு செய்தியை நூலகத்தில் உள்ள நூலோடு ஒப்பிட்டுக் காண்க. விடுபட்டது எது என எழுதுக.

2. பாடநூலின் ஒரு பத்தியைச் செவிக்கேற்ப மாற்றி எழுதி வகுப்பில் படிக்க. கேட்டவர் நினைவில் நின்ற தொடர்களைக் கேட்டறிந்து, அவை நின்றதற்குரிய காரணத்தை விவாதிக்க.

3. உங்கள் ஊரில் மூத்தோர் ஒருவரிடம் இசைவு பெற்று, அவ்வூரின் நீர்நிலை ஒன்றைப் பற்றி அவர் கூறுவதை ஐந்து நிமிட அளவில் பதிவு செய்க. அவர் பயன்படுத்திய வட்டாரச் சொற்களைத் தனியே பட்டியலிடுக.